தளிர்நடை குறித்த வதந்தி

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கோகிலவாணி போனை எடுத்து ஒரு பெயரைத் தட்டுவாள். அது அவள் பெற்ற மகளின் பெயர். அந்தப் பெயரை இன்றைக்கு எந்த வழியில் கெடுக்கலாம் என்று பார்ப்பதற்காகவே தட்டுவாள்.

கேட்டவுடன் பதற வேண்டாம். மகள் நறுமுகை பக்கத்து அறையில் போர்வையை உதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். தாய் தேடுவது நறுமுகை சத்துமாவை.

கோபிச்செட்டிப்பாளையத்தில் இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து தொடங்கிய மாவு அது. ஒருத்தி கோகிலவாணி, இன்னொருத்தி ரேணுகாதேவி. ராகி, கம்பு, பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாம் எந்த அளவில் சேர்ந்தால் குழந்தை துப்பாமல் விழுங்கும் என்பதைக் கண்டுபிடித்தது கோகிலவாணியின் சமையலறை. பெயரும் அவள் வைத்ததுதான். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். பொட்டலத்தின் மேல் பல் இல்லாமல் சிரிக்கும் குழந்தையும் அவளே. ஆனால் பெயரைப் பதிவு செய்யச் சென்னைக்குப் போய்வந்தவள் ரேணுகா. "ஒரு ஆளு பேருலதாம்புள்ள போடுவாங்களாம். என்ற பேருல போட்டுட்டேன். அதுக்கென்ன, நீ வேற நான் வேறயா?" என்று அன்று சொன்னாள். கூட்டு முறிந்த அன்று அதே வாயால், "பேரு எனக்குத்தான். நீ வேற எதாச்சும் வெச்சுக்கோ" என்றாள். வக்கீலும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

இப்படியாக, தன் பிள்ளையின் பெயரைத் தன் கடைப் பலகையில் எழுத உரிமை இல்லாதவளானாள் கோகிலவாணி. சத்தி ரோட்டில் தனியாக ஒரு கொட்டகை பிடித்து, தன் மாவுக்குத் 'தளிர்நடை' என்று பெயர் வைத்தாள். நல்ல பெயர்தான். ஆனால் பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, பெட்டிக்கடை என்று போகிற இடமெல்லாம் மகளின் சிரித்த முகம் அந்த ரேணுகாவின் பொட்டலத்தில் தொங்கும். "என்ற புள்ளைய வித்துத் திங்கறா" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

வன்மம் கெட்டது, மறப்போம் மன்னிப்போம் என்று சிலர் சாவகாசமாகப் பேசுவார்கள். அவர்களுக்கு யாரும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். கோகிலவாணிக்கு வன்மம் காலை காப்பி மாதிரி. அது உள்ளே போனால்தான் வேலை ஓடும்.

அந்த வன்மத்துக்கு ஒரு கருவி கிடைத்ததுதான் கதை.

கொண்டுவந்து கொடுத்தவள் ஃபௌசியா. ஈரோட்டுக்காரி. மஞ்சள் மண்டிக்காரர்களுக்கும் ஜவுளிக்காரர்களுக்கும் இணையத் தேடலில் முதல் பக்கத்தில் இடம்பிடித்துக் கொடுப்பது அவளுடைய தொழில். தளிர்நடையின் தளத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"'வருமுன்'னு பேருங்க்கா. காசே கட்ட வேண்டாம், முழுக்க இலவசம்" என்றாள் மடிக்கணினியைத் திருப்பி வைத்து. "போட்டிக்காரங்க தளத்து முகவரிய இங்க போடுங்க. எந்த வார்த்தையத் தேடி சனங்க அவங்ககிட்டப் போறாங்கன்னு காட்டும். அது பழைய கருவிங்க எல்லாமே பண்றதுதான். இந்தக் கடைசிப் பத்தியப் பாருங்க."

கடைசிப் பத்தியின் தலையில் 'அடுத்த வாரம்' என்று இருந்தது.

"அடுத்த வாரம் சனங்க எதைத் தேடுவாங்கன்னு இன்னிக்கே சொல்லிரும்."

"சோசியமா?"

"சோசியருக்குத் தப்புனா பரிகாரம் சொல்லுவாரு. இது இதுவரைக்கும் தப்புனதே இல்லீங்க்கா."

"அதெப்புடி?"

ஃபௌசியா முறுக்கைக் கடித்தபடி விளக்கினாள். "நோம்பிக்குப் பட்டாசு வாங்கறவன் தேடறதுக்கு முன்னாடியே, விக்கறவன் தேடிருவான். எந்த ஊருல எது போகும், எதிர்க்கடைக்காரன் என்ன பண்றான்னு தோண்டிப் பாப்பான். அப்புடி விக்கறவங்க அத்தன பேரும் இந்தக் கருவியிலதான் வந்து கேக்கறாங்க. அவங்க கேக்கறதுதான் இதுக்குத் தீனி. நாம கேள்வி கேக்கறோம்னு நெனச்சிட்டிருக்கறோம். அது நம்மகிட்ட இருந்து பதிலை வாங்கிட்டிருக்குது. அதையக் கொண்டுபோய் தேடல்காரங்களுக்கு விக்குது. இப்பெல்லாம் நாம வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே போனு 'இதைப் பத்தியா கேக்கறீங்க'ன்னு கேக்குதுல்ல? அது இங்கிருந்து போறதுதானுங்க."

கோகிலவாணி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப இதுல நாம ஒண்ணையே திருப்பித் திருப்பிக் கேட்டா?" என்றாள்.

"எதை?"

"எதையோ ஒண்ணு. நடக்காத ஒண்ணு."

"அக்கா, அது தப்புங்க."

"தப்பான்னு நான் கேக்கலை. நடக்குமான்னு கேட்டேன்."

ஃபௌசியா முறுக்கைத் தட்டில் வைத்தாள். "ஒரு ஆளு கேட்டா நடக்காதுங்க. பல ஊருல இருந்து பல பேரு, அதுவும் வியாபாரம் பண்றவங்க கேட்டா நடக்கும். ஆனா எனக்கு இது வேண்டாமுங்க்கா. நான் இதைக் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க."

பல ஊர்களில் பல பேர் கோகிலவாணியிடம் இருந்தார்கள். தளிர்நடையை விற்பவர்கள் வீட்டிலிருக்கும் பெண்கள். பொள்ளாச்சி, தாராபுரம், திருச்செங்கோடு, ஓசூர் என்று ஊருக்கு ஊர் ஒரு முகவர். எல்லாரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருந்தார்கள். அக்கா சொன்னால் கேள்வி கேட்காமல் செய்வார்கள். மறுநாள் காலை அந்தக் குழுவில் அக்காவின் குரல் வந்தது. "கண்ணுகளா, இனிமேல் நாம மார்க்கெட் ஆராய்ச்சி கத்துக்கறோம். தெனமும் இந்தக் கருவியத் தொறந்து நான் அனுப்பற வாக்கியத்தைப் போட்டுப் பாருங்க. என்ன வருதுன்னு குழுவுல போடுங்க. போட்டிக்காரங்களைத் தெரிஞ்சுக்காம பொழைக்க முடியாது."

அனுப்பிய வாக்கியம்: நறுமுகை சத்துமாவு குழந்தைக்கு வாந்தி.

யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. பொய்ச் செய்தி எழுதவில்லை. சமையலுக்கு நடுவே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சீரியல் விளம்பர இடைவேளையில், பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பெண்கள் ஒரு கருவியிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் 'அடுத்த வாரம்' பத்தியில் அந்த வாக்கியம் அடியில் எட்டிப் பார்த்தது. அப்புறம் மேலே ஏறியது. அப்புறம் ஊர் ஊராகத் தாய்மார்கள் போனை எடுத்து "நறுமுகை" என்று வாய் திறந்ததும், போன் இனிமையான குரலில், "நறுமுகை சத்துமாவால் குழந்தைக்கு வாந்தி வருவது பற்றிக் கேட்கிறீர்களா?" என்றது. விலை கேட்க வந்தவள் திடுக்கிட்டு, "ஆமா, ஏன், வாந்தி வருதா?" என்று நிஜமாகவே கேட்டாள். அந்தக் கேள்வியும் கணக்கில் சேர்ந்தது. இனிமேல் யாரும் ஊத வேண்டியதில்லை, அது தானாக எரிந்தது.

மருந்துக்கடைகளிலிருந்து நறுமுகை பொட்டலங்கள் இறங்கின. பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் அந்தச் சரம் தொங்கிய கொக்கியில் இப்போது தளிர்நடை தொங்கியது. கோகிலவாணி ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி, வேண்டுமென்றே ஒரு சோடா வாங்கி, அதைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் குடித்தாள். அவ்வளவு ருசியான சோடாவை அவள் குடித்ததில்லை.

அந்த வாரம்தான் நறுமுகை பள்ளியிலிருந்து வந்து புத்தகப்பையைச் சுவரோரம் எறிந்தாள். எட்டாம் வகுப்பு. கண் சிவந்திருந்தது.

"கிளாஸ்ல எல்லாரும் என்னை வாந்தின்னு கூப்புடறாங்க. போனுல என்ற பேரச் சொன்னா அதுதான் வருதாமா."

தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினாள். "அது ரேணுகாவோட மாவு கண்ணு. உனக்கும் அதுக்கும் என்ன?"

"மாவு அவங்களோடது. பேரு என்னோடதுதானே?"

கோகிலவாணிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பொய் சொல்ல வேண்டாம், நன்றாகவே வலித்தது. ஆனால் அந்த வலியையும் தூக்கி ரேணுகாவின் கணக்கில்தான் எழுதினாள். மகளின் பெயரை அவள் பிடுங்காமல் இருந்தால் பிள்ளை ஏன் அழப்போகிறது? அன்று சாயங்காலம் குழுவில், "இன்னும் ஒரு வாரம் ஆராய்ச்சி தொடரட்டும்" என்றாள்.

கொஞ்ச நாளில் ரேணுகா ஆலையை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. கடைகளில் மிச்சமிருந்த பொட்டலங்களைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டாளாம். அதற்கடுத்து ரேணுகாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. கோகிலவாணி எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. எண்ணையே அடைத்துவிட்டாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் ரேணுகாவே சத்தி ரோட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கேமராவில் தெரிந்தது. வெயிலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காவலாளியிடம் கையை ஆட்டி என்னவோ சொன்னாள்.

"நான் இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் கோகிலவாணி, கேட்க உள்ளே வந்த காவலாளியிடம்.

"என்னமோ அவசரமுன்னு சொல்றாங்கம்மா."

"அவளுக்கு அவசரம். எனக்கில்லை. கம்முனு போய்ச் சொல்லுங்க."

ரேணுகா போகவில்லை. வேப்பமர நிழலில் நெடுநேரம் நின்றாள். கோகிலவாணி திரையைப் பார்த்தபடி தயிர்சாதம் சாப்பிட்டாள். கெஞ்ச வந்திருக்கிறாள், பெயரைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும், இன்னும் நாலு தடவை வந்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் ரேணுகா தலையைக் குனிந்தபடி போனபோது மனசு குளுகுளுவென்று இருந்தது.

குளுமை நீடிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் படுக்கையிலிருந்தபடி வருமுன்னைத் திறந்தாள். நறுமுகையின் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. சும்மா ஒரு ஆசைக்குத் தன் தளிர்நடையைப் போட்டுப் பார்த்தாள். 'அடுத்த வாரம்' பத்தியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

தளிர்நடை சத்துமாவு குழந்தைக்கு வாந்தி.

அதற்குக் கீழே இன்னொன்று: தளிர்நடை நிலக்கடலை விதை மருந்து.

எழுந்து உட்கார்ந்தாள். உடனே ஃபௌசியாவை வரச்சொன்னாள்.

"அவதான். என்ற வித்தையவே எனக்குத் திருப்பிப் போடறா" என்றாள் கோகிலவாணி, ஃபௌசியா வந்ததும் வராததுமாக.

ஃபௌசியா திரையை உற்றுப் பார்த்தாள். "முதல் வரி சரிங்க்கா. ரெண்டாவது வரி ஒரு மாதிரி இருக்குது. கொழந்தை வெச்சிருக்கறவங்க யாரும் இப்புடித் தேட மாட்டாங்க. விதை மருந்துன்னு யாருக்குங்க தோணும்? ஆரோ உங்களுக்குன்னே எழுதுனாப்புல இருக்குது."

"எழுதுவா. பயமுறுத்தறா."

"எதுக்கும் மாவை ஒருக்கா பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்துரலாமுங்களா?"

"நல்லாருக்குது உன்ற யோசனை. பரிசோதனைக்கு அனுப்புனா அனுப்புனோம்னு ஒரு பேச்சு வரும். 'பரிசோதனை'ன்னு நாலு பேரு தேடுவாங்க. அதுவும் பத்தியில ஏறும். அதுக்குத்தான் அவ காத்திருக்கறா."

அவள் சொன்னதில் தவறே இல்லை. இந்த ஆட்டத்தின் விதிகளை அவளை விட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. தான் செய்ததைத்தான் எதிராளியும் செய்வாள் என்று அவளுக்குத் துளியும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அன்றைக்கே தாராபுரத்திலிருந்து ஒரு தாய் கூப்பிட்டாள். மாவு கொடுத்ததிலிருந்து குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்ததாம். "ரேணுகா ஆளு, எண்ணை அடைச்சிரு" என்றாள் கோகிலவாணி போன் எடுத்த பெண்ணிடம். காங்கேயத்திலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். அவளையும் அடைத்தார்கள்.

வருமுன்னில் 'போட்டியாளர் தாக்குதல்' என்று ஒரு புகார்ப் பகுதி உண்டு. பெரும்பாலும் யாருடைய புகாரும் அங்கே எடுபடாது, ஆதாரம் கேட்பார்கள். கோகிலவாணியிடம் ஆதாரம் குவிந்து கிடந்தது. விற்பனை முகவர்கள் மூலமாக ஒரே வாக்கியத்தைப் பல ஊர்களிலிருந்து எப்படி ஏற்றுவார்கள், எத்தனை நாளில் ஏறும், எந்த நேரத்தில் தட்டுவார்கள் என்று வரி வரியாக எழுதினாள். தளிர்நடை குறித்த கேள்விகள் அத்தனையும் நறுமுகையின் முகவர்கள் இருக்கும் ஊர்களிலிருந்துதான் வருகின்றன என்று காட்டினாள். அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அவ்வளவு துல்லியமான புகாரை அந்த நிறுவனம் பார்த்ததில்லை போலிருக்கிறது. உடனே ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லிப் பதில் போட்டது.

மறுநாளிலிருந்து யாராவது தளிர்நடையோடு வாந்தி என்றோ மருந்து என்றோ சொன்னால், போன் அதே இனிமையான குரலில், "இது போட்டியாளர்கள் பரப்பும் வதந்தி என்று உறுதி செய்யப்பட்டுள்ளது" என்றது.

கோகிலவாணி அதோடு விடவில்லை. எதிரி அடுத்து என்ன செய்வாள் என்று யோசித்தாள். இப்போது பத்து நொடிப் பேச்சு கிடைத்தால் போதும், யாருடைய குரலையும் அச்சாகச் செய்துவிடுகிறார்கள். ஆகவே வாடிக்கையாளர், முகவர் எல்லாருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "கண்ணுகளா, நம்ம வளர்ச்சி பொறுக்காத சிலபேரு என்ற குரல்லயே உங்களைக் கூப்பிட்டு, மாவு குடுக்காதீங்கன்னு சொல்லுவாங்க. நம்பிராதீங்க. உங்க குழந்தை எனக்கும் குழந்தைதான்."

முன்னூற்றுச் சொச்சம் இதயங்கள் பதிலாக வந்தன.

இனி ஒரு ஆசைதான் பாக்கி. தோற்றவள் முகத்தை நேரில் பார்க்க வேண்டும். ரேணுகா வந்து நின்றபோது கேமராவில் பார்த்தது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, நறுமுகை ஆலைக்கு ஸ்கூட்டரை விட்டாள்.

கேட் திறந்தே கிடந்தது. உள்ளே அரவை இயந்திரம் ஓடவில்லை. பின்கட்டில் பொக்லைன் வைத்து ஆள் உயரத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். நறுமுகை பொட்டலங்கள் மலையாகக் குவிந்திருந்தன. இரண்டு ஆட்கள் அவற்றைப் பிரித்துப் பிரித்துக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பொட்டலத்திலும் பல் இல்லாத குழந்தை சிரித்தது. குழியோரம் ரேணுகா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள்.

கோகிலவாணி மனப்பாடம் செய்து வந்த வசனம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் ரேணுகா எழுந்தே விட்டாள்.

"படிச்சுட்டியா? அப்பாடா. நிறுத்திட்டீல்ல?"

"எதையப் படிக்கறது? எதை நிறுத்தறது?"

"கடலைய. வருமுன்ல போட்டிருந்தனே."

கோகிலவாணி சிரித்தாள். "பாத்தேன் பாத்தேன். நான் போட்ட கோட்டுலயே நீயும் கோலம் போட்ட. அழிச்சுப்போட்டேன். இப்ப போய் உன்ற போனுல கேட்டுப் பாரு, வதந்தின்னு சொல்லும்."

ரேணுகா அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் கோகிலவாணிக்கு முதலில் உறைத்தது. ரேணுகா உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் ஒரு கைப்பிடி கடலையும் கொண்டுவந்தாள். கடலையைத் தண்ணீரில் போட்டாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ரோஸ் நிறமாகியது.

"விதைக்கடலை. பூச்சி அரிக்காம இருக்கறதுக்கு மருந்து தடவி, திங்கக்கூடாதுன்னு சாயம் போட்டு வெச்சது. வெதைக்கற பட்டம் முடிஞ்சு மீந்து போச்சாட்ட இருக்குது, நல்ல கடலையோட கலந்து தள்ளிட்டான். கடலைத் தோலு செவப்பு, சாயமே தெரியலை. வறுத்து அரைச்சுட்டா ஒண்ணுமே தெரியாது."

"எவன்?"

"எவனா? நம்ம அவிநாசியப்பன் மண்டிதான். நீயும் அங்கதானே வாங்கற?"

ஆமாம். கூட்டு முறிந்தபோது எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். சல்லடை, வறுக்கும் சட்டி, எடை மெஷின், ஆட்கள், எல்லாம். அவிநாசியப்பனை மட்டும் பிரிக்க முடியவில்லை. சுத்து வட்டாரத்தில் அவரிடம்தான் கடலை நயம். அவள் விட்டுக்கொடுக்கட்டும் என்று இவளும், இவள் போகட்டும் என்று அவளும் விடாப்பிடியாக அங்கேயே வாங்கினார்கள். ஒரே லாரியில் இரண்டு பேருக்கும் மூட்டை இறங்கும்.

"நீ கெளப்பிவிட்டது பொய்யின்னு எனக்குத் தெரியும்புள்ள" என்றாள் ரேணுகா. "ஆத்தரம் வந்துது. என்ற மாவு சுத்தம்னு ஊருக்குக் காட்டோணும்னுதான் கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்கு அனுப்புனேன். இப்படி வந்துது. மயக்கமே வந்துருச்சு. அன்னைக்கே எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டேன். அதே சரக்கு உனக்கும் வந்திருக்குமேன்னு உன்னைக் கூப்புட்டேன், அடைச்சு வெச்சுட்ட. நேர்ல வந்தேன், வெயில்ல நிக்க வெச்சுத் திருப்பி அனுப்புன. உணவுப் பாதுகாப்பு ஆபீசுல எழுதிக் குடுத்தேன், மாதிரி எடுக்க வருவாங்களாமா, முடிவு வர நாளாகுமாமா. காலையில எந்திரிச்சதும் நீ அந்தக் கருவியத் தொறந்து என்ற பேரையும் உன்ற பேரையும் பாப்பேன்னு எனக்குத் தெரியும். நானும் அதைத்தானே பண்ணிட்டிருந்தேன். அங்க எழுதுனா மட்டுந்தான் நீ படிப்பேன்னு என்ற ஏஜெண்டுக அத்தன பேரையும் தட்டச் சொன்னேன்."

கோகிலவாணி டம்ளரையே பார்த்தாள். "நீ என்னைப் பழி வாங்கறேன்னு நெனச்சேன்."

"வாங்கோணும்னா நான் எதுக்குப்புள்ள இத்தன பாடுபடோணும்? சும்மா இருந்திருந்தாலே போதுமே."

கோகிலவாணி ஸ்கூட்டரை எப்படி ஓட்டிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டகைக்குள் ஓடி, அடுக்கியிருந்ததில் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி டம்ளரில் போட்டாள். தண்ணீர் ரோஸ் ஆனது. இன்னொரு மூட்டை. அதுவும் ஆனது. மூன்றாவதைப் பிரிக்காமலே தரையில் உட்கார்ந்தாள். தாராபுரத்துப் பெண்ணின் குரல் காதில் கேட்டது. நறுமுகை மூடிய பிறகு அத்தனை ஊர்த் தாய்மார்களும் தளிர்நடைக்குத்தான் மாறியிருந்தார்கள். அப்படி மாற்றியது அவள்தான்.

ஒரு கணம் அவளுக்கும் அந்த யோசனை வந்தது. கம்முனு இருந்துவிட்டால் என்ன? வதந்தி என்று கருவியே சொல்கிறது. மிச்ச மூட்டையை ராவோடு ராவாகப் புதைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த யோசனை எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளிடம் கேட்கக்கூடாது. எழுந்துவிட்டாள், அதைச் சொன்னால் போதும்.

முதலில் குழுவில் பேசினாள். "யாரும் தளிர்நடை விக்காதீங்க. வித்ததைத் திருப்பி வாங்குங்க. கடலையில விதை மருந்து கலந்திருக்குது." போன் அந்தச் செய்திக்குக் கீழே தானாகவே ஒரு சிவப்புப் பட்டையைப் போட்டது. 'போட்டியாளர் வதந்தி. குரல் போலியாக இருக்கலாம்.' ஓசூர்க்காரி சிரிப்புப் பொம்மை போட்டாள். "அக்கா, உங்க நம்பரையே பிடிச்சுட்டாங்க போலிருக்குது. கவனம்" என்று திருச்செங்கோட்டுக்காரி எழுதினாள். குழுவின் இன்னொரு நிர்வாகியான பொள்ளாச்சிக்காரி, அக்காவின் நன்மைக்காக, அக்காவைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

தளத்தில் அறிவிப்புப் போட்டாள். தேடலில் அது வரவே இல்லை. வருமுன்னுக்கு எழுதினாள், என் புகார் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. கருவி உடனே பதில் தந்தது. 'உங்கள் கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான கோரிக்கை வந்துள்ளது. உங்கள் பாதுகாப்புக்காக ஒரு வாரம் நிறுத்தி வைத்திருக்கிறோம்.'

ஃபௌசியாவைக் கூப்பிட்டு அழுதாள். "நான் கலெக்டர் ஆபீசுக்குப் போறேனுங்க்கா, டிவிக்காரங்ககிட்டயும் பேசறேன். அதுக்கெல்லாம் நேரமாகும். நீங்க ஒவ்வொருத்தரையா போனுல கூப்புடுங்க. வேற வழியே இல்லீங்க" என்றாள் ஃபௌசியா.

கோகிலவாணி கணினியில் வாடிக்கையாளர் எண்களைத் திறந்து மேலேயிருந்து தொடங்கினாள். முதல் எண் எடுக்கவில்லை. இரண்டாவது, பேசத் தொடங்கியதுமே துண்டித்தது. மூன்றாவதில் ஒரு கிழவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். நாலாவது உடுமலைப்பேட்டை. இளம் பெண்ணின் குரல். பின்னால் ஒரு குழந்தை மழலையில் எதையோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மா, தளிர்நடையில இருந்து கோகிலவாணி பேசறேன். குழந்தைக்கு மாவு குடுக்காதீங்க. தயவுசெஞ்சு கேளுங்க. கடலையில மருந்து கலந்திருக்குது."

"ஒரு நிமிசமுங்க" என்றாள் அந்தப் பெண். போனிடம் அவள் கேட்பதும், அந்த இனிமையான குரல் பதில் சொல்வதும் தெளிவாகக் கேட்டன. திரும்ப வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"வதந்தின்னு சொல்லுதுங்களே. நீங்க நறுமுகை ஆளுதானே? நெசமாலுமே அந்தக்கா மாதிரியே பேசறீங்க."

"நான்தாம்மா கோகிலா. என்ற புள்ள மேல சத்தியம்."

"புள்ள மேல வேற சத்தியமா? அவங்களே சொல்லியிருக்கறாங்க, இப்புடிக் கூப்புடுவீங்கன்னு. ஏனுங்க, அவங்களும் ஒரு பொம்பளப் புள்ளையப் பெத்து வளத்தறவங்கதானே? அவங்க பொழப்பைக் கெடுக்க உங்களுக்கு எப்புடித்தான் மனசு வருது?"

"அம்மா, வெச்சுராதீங்க. இப்ப என்ன குடுக்கறீங்க குழந்தைக்கு? கிண்ணத்துல என்ன இருக்குது?"

பதில் இல்லை. அவள் போனை வைத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். ஆனால் இணைப்பு அறுபடவில்லை. கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"எங்க, ஆ காட்டு பாக்கலாம்" என்றாள் அவள் குழந்தையிடம்.

கோகிலவாணி தொண்டை கிழியக் கத்தினாள். உடுமலைப்பேட்டையில் அந்தப் போன் சோபாவிலோ மேசையிலோ கிடந்தது.

"அவ்ளோதான் சாமி. இன்னும் ஒரே ஒரு வாய்."